நாலு துளை வீடு

நவம்பர் பாதி போயும் ஏரி உறையவில்லை. வடகோடியில் இருக்கும் எங்கள் குளிர் ஊர் நோர்ட்பியில் ஆண்கள் காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் ஜன்னலுக்குப் போய்த் தண்ணீரைப் பார்ப்பதும், வராத விருந்தாளியைத் திட்டுவது போல அதைத் திட்டுவதுமாக இருந்தார்கள். ஹால்வர் க்வாமி மட்டும் ஜன்னல் பக்கமே போகவில்லை.

ஹால்வர் மாவட்ட நிர்வாகத்தின் பனி வாரும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை, குளிர்காலம் வந்தால் அவருக்கு இரண்டே வேலை. சாலையில் விழுந்த பனியை ஓரம் தள்ளுவது. மிச்ச நேரத்தில் உறைந்த ஏரிமேல் துளை போட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பது. கோடையில் அவருக்கு வலது முட்டியை மாற்றிய டாக்டர், வாளிமேல் குந்துகிற கதையெல்லாம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஹால்வர் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, பொரித்த முட்டையில் மிளகுத்தூளைத் தூவியபடி மனைவியிடம் சொன்னார்.

"இந்த வருஷம் ஐஸுக்குப் போகப்போறதில்ல. பரவாயில்ல."

எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் "பரவாயில்ல" என்று சொன்னால், கேட்டவர் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது நல்லது. களஞ்சியம் தீப்பற்றி எரியும்போதும் பரவாயில்லைதான், கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லைதான். சந்தோஷத்துக்கும் இதே கஞ்சத்தனம். மார்லிஸைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, மாதாகோயில் வாசலில், "எப்படிடா இருக்கு?" என்று யாரோ கேட்டதற்கு ஹால்வர் "மோசமில்ல" என்றார். ஊரே அதைக் கேட்டு உருகிப்போயிற்று.

ஆகவே அந்தப் "பரவாயில்ல"யைக் கேட்டதும் மார்லிஸ் கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவள் அவள். முகத்தைப் பார்த்தே பசியா அழுகையா என்று சொல்லிவிடுவாள். ஐஸுக்குப் போகாத ஹால்வர் சோபாவில் உட்கார்ந்து உட்கார்ந்தே சீக்கிரம் கிழவனாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மாதாகோயில் பாதிரியாரிடம்கூட. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் அந்த ஐஸ்மேல் போய் உட்கார ஆசை. அவர் பக்கத்தில், ஒரு துளையைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு குளிர்காலமும் பிளாஸ்கில் காப்பியும் பொட்டலத்தில் ரொட்டியும் கட்டிக் கொடுத்து வாசலில் நின்று கையாட்டியதோடு அந்த ஆசை முடிந்துபோகும்.

முட்டிக்கு ஒரே வழி சக்கர வீடுதான். நம் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்குள் போகலாம். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் மேலே போய், வீடு அப்படியே இறங்கி ஐஸ்மேல் உட்காரும். உள்ளே காஸ் ஹீட்டர், படுக்கை, அடுப்பு, தரையில் மூடி போட்ட துளைகள். மூடியைத் திறந்து, கீழே ஐஸைத் துளைத்து, பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தபடி மீன் பிடிக்கலாம். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

கேடெல்லாம் வாய்க்குத்தான். ஏனென்றால் இந்த ஊரில் சக்கர வீடு வைத்திருப்பவர்களை ஹால்வரைப் போலக் கிண்டல் செய்த ஆள் கிடையாது. அவருடைய தங்கையைக் கட்டிய டுவேய்ன் ஒன்று வாங்கியபோது, தூண்டில் புழு விற்கிற கடையில் பத்துப் பேர் முன்னால், "என்ன மச்சான், படுக்கையறையைக் கூட்டிக்கிட்டு மீன் பிடிக்கப் போறியா? திரைச்சீலை என்ன கலரு?" என்று கேட்டார். அன்றிலிருந்து டுவேய்ன் கண்கொத்திப் பாம்பாகக் காத்துக்கொண்டிருந்தார்.

மார்லிஸ் ஒரு சனிக்கிழமை காலை, கைப்பையை எடுத்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"ஹைவே பக்கத்துல அந்த வீடு விக்கிற இடம் இருக்குல்ல, சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வரலாமா?"

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மாதான்."

"சும்மான்னா வரேன்" என்று ஹால்வர் தொப்பியை எடுத்தார். அவர் தொப்பியை எடுத்த வேகத்தைப் பார்த்து மார்லிஸ் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

விற்பனை செய்யும் பெண்ணுக்கு ரோசியோ என்று பெயர். வெயில் ஊரான டெக்சாஸிலிருந்து இந்தப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு ஸ்வெட்டர்மேல் ஒரு கோட்டும், அதன்மேல் புருஷனின் கோட்டும் போட்டிருந்தாள். ஆனாலும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள்.

"வாங்க சார், வாங்க மேடம்! காப்பி குடிக்கிறீங்களா? இப்பதான் போட்டேன்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா" என்றாள் மார்லிஸ்.

"எங்களுக்காகச் சிரமப்படாதே" என்றார் ஹால்வர்.

"சரி" என்று ரோசியோ காப்பிக் கெண்டியைத் திரும்ப அடுப்பிலேயே வைத்துவிட்டாள்.

இருவரும் அந்தக் கெண்டியைப் பார்த்தபடி நின்றார்கள். நல்ல வாசனை. எங்கள் பக்கத்தில் காப்பி வேண்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பது அதைவிட மரியாதை. மூன்றாம் தடவை கேட்டால்தான், "சரி, அரைக் கோப்பை மட்டும்" என்று சொல்லி இரண்டு கோப்பை குடிக்கலாம். ஒரே தடவை கேட்டுவிட்டுக் கெண்டியை வைத்துவிடுகிற ஆளை அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

வெளியே சரளைக்கல் பரப்பிய மைதானத்தில் வீடுகள் வரிசையாக நின்றன. ஹால்வர் சும்மா பார்க்க வந்த ஆள்தானே. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே குனிந்து இரும்புச் சட்டத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் சுரண்டினார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கதவை ஏழெட்டுத் தடவை திறந்து மூடினார். சக்கரத்தை உயர்த்தும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து, "இது ஐஸ்ல ஒறஞ்சு போச்சுன்னா அவ்வளவுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு வீட்டில் தொலைக்காட்சியும் தோல் சோபாவும் இருந்ததைப் பார்த்து, "இதுல மீனுக்கு எடம் எங்க?" என்றார்.

கடைசியில் ஒரு சின்ன வீட்டின் முன்னால் நின்றார். ஒரு படுக்கை, இரண்டு துளை, ஒரு முக்காலி.

"ஒரு ஆளுக்கு இது தாராளம்" என்றார்.

மார்லிஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் நிற்கக்கூட அங்கே இடம் இல்லை. இதை வாங்கினால் அவருடைய முட்டி பிழைத்துக்கொள்ளும், இவள் பிளாஸ்கோடு வாசலில் நிற்பதும் தொடரும். ஆசையைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. "பாக்க அழகாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அழகு என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஹால்வருக்கு அது புரிந்தது. அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அடுத்தது வெளியே பச்சை, உள்ளே தேவதாரு மரம். எதிரெதிரே இரண்டு பெஞ்சு. இரவில் விரித்தால் படுக்கை. நாலு துளை. ஏரியைப் பார்க்க அகலமான ஜன்னல் ஒன்று. இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஒன்றாகப் போட்டு ஹாட்டிஷ் சுடுகிற அளவுக்கு அடுப்பு. மார்லிஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, காலடியில் இருந்த மூடியைத் திறந்தாள். கீழே சரளைக்கல்லும் நசுங்கிய ஒரு சோடா மூடியும் தெரிந்தன.

ஹால்வர் எதிரில் உட்கார்ந்தார். முட்டி வலிக்காமல் காலை நீட்டினார். அவரும் தன் பக்கத்து மூடியைத் திறந்து கீழே பார்த்தார். அப்போது அவருடைய வலது கை தானாக எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத தூண்டில் கோலைப் பிடித்தன. மணிக்கட்டு லேசாக மேலே போய்க் கீழே வந்தது. நின்றது. மறுபடி மேலே போனது. கண் அந்தச் சரளைக்கல்லை விட்டு அசையவில்லை. முகம் சின்னப் பையன் முகம்போல ஆகிவிட்டது.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், புருஷன் ஐஸ்மேல் எப்படி இருப்பார் என்பதை மார்லிஸ் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இந்த வீடுதான், வேறெதுவும் இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

"இது மோசமில்ல" என்றாள்.

ஹால்வர் கையைச் சட்டென்று பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மோசமில்லதான்" என்றார்.

கதவருகே நின்ற ரோசியோவின் முகம் வாடிவிட்டது. இரண்டு பேருக்கும் வீடு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள், பாவம். அந்த நேரம் பார்த்து செயின்ட் க்ளவுட் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஜோடி வந்து இறங்கியது. மைதானத்தைப் பார்த்தார்கள், நேராகப் பச்சை வீட்டுக்கு வந்தார்கள். ரோசியோ உள்ளே தலையை நீட்டினாள்.

"சார், மேடம், இவங்க இந்த வீட்டப் பாக்கணுமாம். உங்களுக்கு இது வேணாம்ல?"

"வேணாம் வேணாம், அவங்க தாராளமா பாக்கட்டும்!" என்று ஹால்வர் எழுந்துவிட்டார்.

"நாங்க சும்மா வந்தவங்கதான்!" என்றது மார்லிஸின் வாய். அவள் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. வளர்த்த விதம் அப்படி. சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

நல்லவேளை, அந்த ஜோடியும் எங்கள் பக்கத்து ஜோடிதான்.

"இல்ல இல்ல, நீங்கதான் முதல்ல வந்தீங்க" என்று இளைஞன் ஒதுங்கி நின்றான்.

"அதனால என்னப்பா, சின்னவங்க நீங்க. உங்களுக்குத்தான் வேணும்" என்றார் ஹால்வர்.

"எங்களுக்கு அவசரமே இல்ல" என்றாள் அவன் மனைவி. "உங்களுக்கு இது ரொம்பப் பொருத்தமா இருக்கு."

"அந்தக் கலரு உங்க வண்டிக்குத்தாம்மா பொருந்தும்" என்றாள் மார்லிஸ்.

"ஐயோ, எங்க வண்டி துருப்பிடிச்சது."

நாலு பேரும் வீட்டை விட்டு வெளியே வந்து, ஆளுக்கு இரண்டடி பின்வாங்கி, கதவை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு நின்றார்கள். காற்று அடித்தது. யாரும் நகரவில்லை. நாங்கள் இப்படி நின்று சூரியன் இறங்கும்வரைகூட நிற்போம், எங்களுக்கு ஒன்றும் ஆகாது. ரோசியோவுக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு கோட்டுக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து வானத்தைப் பார்த்து விரித்தாள்.

"கடவுளே! இங்க யாருக்காவது இந்த வீடு வேணுமா வேணாமா?"

எல்லாரும் காலணியைப் பார்த்தார்கள்.

"எனக்கு வேணும்" என்றாள் மார்லிஸ்.

மாதாகோயிலில் ஜெபத்துக்கு நடுவே யாரோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல ஒரு அமைதி. அவளுக்கே முகம் சூடாகிவிட்டது. ஆனால் ஒருதடவை திறந்த வாயை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

"எனக்கு இந்த வீடு வேணும். நாலு துளையும் வேணும். அந்தப் பெஞ்சு வேணும். நான் அதுல உக்காந்து மீன் பிடிக்கப்போறேன்."

"நீயா?" ஹால்வர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உனக்குத்தான் ஐஸ்னா ஆகாதே!"

"யாரு சொன்னது?"

"நீதான்! கல்யாணமான புதுசுல கேட்டேனே. கூட வரியான்னு. வேண்டாம்னு சொன்ன."

"கேட்ட. எத்தன தடவ கேட்ட?"

ஹால்வர் யோசித்தார். அந்த யோசனையிலேயே அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு தடவ."

"ஒரு தடவ! அது மொத 'வேண்டாம்', ஹால்வர்! நான் உள்ள போயி பூட்ஸை எடுத்து மாட்டிக்கிட்டு, நீ ரெண்டாவது தடவ கேப்பன்னு வெளிய வந்தா, உன் வண்டி தெருமுனையத் தாண்டிப் போயிக்கிட்டிருக்கு. கையில ஒரு பூட்ஸ், கால்ல ஒரு பூட்ஸோட நிக்கிறேன் நான்."

"மொத 'வேண்டாம்' கணக்குல சேராது சார்" என்றாள் இளம் மனைவி மெதுவாக. அவள் புருஷனும் தலையாட்டினான். அவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"உனக்குக் குளிர் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றார் ஹால்வர். குரல் இறங்கிவிட்டது. "மறுபடி கேட்டா, நச்சரிக்கிறான்னு நெனப்பியோன்னு…"

"நச்சரிச்சிருக்கணும்யா! அதுக்குத்தான கட்டிக்கிட்டேன்!"

இளைஞன் முதலில் சிரித்தான். அப்புறம் அவன் மனைவி. ஹால்வர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், அவர் தோளும் குலுங்க ஆரம்பித்தது. கடைசியில் மார்லிஸும் சிரித்தாள், சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரோசியோ மட்டும் சிரிக்கவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப காலைல அந்தக் காப்பி…" என்றாள்.

"உசிரே போயிருச்சும்மா" என்றாள் மார்லிஸ்.

"ஐயையோ! என் மாமியார் வீட்டுலயும் மூணு மாசமா யாருமே எங்கிட்ட ஒண்ணும் வாங்கிச் சாப்பிடல. என் சமையல் பிடிக்கலன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் அழுதேன்!" என்று கத்திக்கொண்டே அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். கெண்டியோடு திரும்பி வந்து ஒவ்வொருவரிடமும் மூச்சுவிடாமல் மூன்று தடவை கேட்டாள். எல்லாரும் இரண்டு தடவை முறைப்படி மறுத்து, மூன்றாவது தடவைக்கு அரைக் கோப்பை வாங்கிக்கொண்டார்கள். இளம் ஜோடி பச்சை வீட்டுக்குப் பக்கத்து வீட்டைத் திறந்து பார்க்கப் போனது. மார்லிஸ் செக்கில் கையெழுத்துப் போட்டாள். வீட்டின் பதிவும் அவள் பெயரிலேயே இருக்கட்டும் என்று ஹால்வர்தான் சொன்னார்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஏரி நன்றாக இறுகிவிட்டது. பச்சை வீட்டை இழுத்துக்கொண்டு போய், கரையிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவு தெரிகிற தூரத்தில் இறக்கினார்கள். அன்று மதியமே கதவு தட்டப்பட்டது. டுவேய்ன். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த கிண்டல் எல்லாம் அவர் முகத்தில் வரிசை கட்டி நின்றது.

"என்ன மச்சான்! வாளி கொஞ்சம் பெருசாயிடுச்சு போல? திரைச்சீலையெல்லாம் போட்டாச்சா?"

"என்கிட்ட கேக்காத" என்றார் ஹால்வர், பெஞ்சை விட்டு எழாமல். "வீடு மார்லிஸோடது. நான் விருந்தாளியா வந்திருக்கேன்."

டுவேய்ன் மெல்ல உள்ளே திரும்பிப் பார்த்தார். மார்லிஸ் அடுப்பிலிருந்து ஹாட்டிஷை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"திரைச்சீலை மஞ்சள் கலரு" என்றாள். "சாப்பிடறீங்களா?"

"வேண்டாம் வேண்டாம்" என்றார் டுவேய்ன், கோட்டைக் கழற்றியபடி.

அவர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனபின் வீடு அமைதியானது. ஹீட்டர் முனகியது. எங்கோ தூரத்தில் ஐஸ் இழுத்து இறுகும் சத்தம் ஏரி நெடுகக் கேட்டது. மார்லிஸ் உள்ளங்கை அளவு மீன் ஒன்றைப் பிடித்து, அதைத் தூக்கிக் காட்டி, ஊருக்கே கேட்பதுபோலக் கத்தி, திரும்பத் தண்ணீரில் விட்டாள். ஹால்வர் தன் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவசரப்படுத்தவில்லை.

"எனக்குத் தனியா உக்காந்து மீன் பிடிக்கப் பிடிக்காது" என்றார்.

"என்னது?"

"எப்பவுமே பிடிச்சதில்ல."

மார்லிஸ் தூண்டிலை மடியில் வைத்தாள். "பின்ன எதுக்குய்யா இத்தன வருஷம் போன?"

"போகாம வீட்டுல இருந்தா, ஏன் போகலன்னு நீ கேப்ப. கேட்டா நான் சொல்லணும். நீயில்லாம போகப் பிடிக்கலன்னு." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதச் சொல்றதுக்குக் குளிரே தேவலன்னு இருந்துச்சு."

மார்லிஸுக்கு அவரை நாலு அறை அறையலாமா, கட்டிப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் எழுந்து போக வேண்டும். எழுந்தாள். தன் பெஞ்சை விட்டு அவர் பெஞ்சுக்குப் போய், இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் தூண்டிலை அவர் துளைக்குள்ளேயே விட்டாள்.

"நூலு ரெண்டும் சிக்கிக்கும்" என்றார் ஹால்வர். "இன்னும் மூணு துளை இருக்கு பாரு."

"இருந்துட்டுப் போகட்டும்."

ஹால்வர் அவளுக்கு இடம் கொடுத்துக் கொஞ்சம் நகர்ந்து, முட்டியை ஒதுக்கி, தன் நூலைத் துளையின் அந்தப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.